வடசென்னையில் கத்தி செய்யத் தொடங்குகிறவர்களுக்கு: இரும்பு வாங்குவதில் இருந்து பிடி போடுவது வரை

சமையல் கத்தி ஒன்றைச் சொந்தக் கையால் அடித்துச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு யூடியூபில் காணொளிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதில் வருகிற ஆளுக்கு ஊருக்கு வெளியே பெரிய ஷெட் இருக்கும், ஸ்டீல் பார்சலில் வந்து இறங்கும், பக்கத்து வீடு கண்ணுக்கே தெரியாது. தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் இருப்பவருக்கு அதில் பாதி பொருந்தாது. எந்த இரும்பு, எங்கே கிடைக்கும், ரசீது எதற்கு, வண்டியை நிறுத்தி பையைத் திறக்கச் சொன்னால் என்ன செய்வது என்பதையெல்லாம் நான் ஆளுக்கு ஆள் துண்டு துண்டாகக் கேட்டுத்தான் சேர்த்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். விலைகள் நான் வாங்கியபோது இருந்த ஏறத்தாழக் கணக்கு. கடைக்குக் கடை மாறும்.

சம்மட்டி அடிதான் இந்த வேலையின் உயிர் என்று நினைத்து வருகிறார்கள். கத்தி நிற்குமா நிற்காதா என்பது இரும்பிலும் தோய்ச்சலிலும் (சிவக்கக் காய்ச்சிய அலகை எண்ணெயில் முக்கிக் கடினமாக்குவது) முடிவாகிவிடுகிறது. நேரம், பணம் இரண்டையும் அங்கே போடுங்கள்.

1. எந்தக் கத்தி, எவ்வளவு நீளம் என்று முடிவு செய்யுங்கள்

முதல் கத்தி 5 அல்லது 6 அங்குல அலகுள்ள (பிடி நீங்கலாக வெட்டும் பகுதிதான் அலகு) காய்கறிக் கத்தியாக இருக்கட்டும். பட்டாக்கத்தி, வேட்டைக் கத்தி, சினிமாவில் வருகிற அரிவாள் பக்கம் போகவே வேண்டாம். நம் பகுதியில் கத்தி என்று சொன்னாலே எதிரில் இருப்பவர் புருவம் தூக்குவார். அதற்குத் தோதாக நீங்களும் ஒன்றைச் செய்து வைக்காதீர்கள்.

சட்டம் சொல்வதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016 விதிகளின் முதல் அட்டவணையில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுத வகையில் வருகின்றன. வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் பயன்பாட்டுக்கென்றே வடிவமைத்தவற்றுக்கு விலக்கு உண்டு. விலக்கு இருக்கிறதே என்று 11 அங்குலத்தில் ஒன்றைச் செய்துவிட்டு, இது மீன் வெட்ட என்று ஸ்டேஷனில் நின்று விளக்கிக்கொண்டிருப்பதில் என்ன லாபம்? 9-க்கும் 2-க்கும் உள்ளே நில்லுங்கள். இருபக்கமும் கூராக உள்ள குத்துக்கத்தி வடிவம் எந்த அளவிலும் வேண்டாம்.

ஒரு தாளில் கத்தியை உண்மையான அளவில் வரைந்து, அட்டையில் வெட்டி, கையில் பிடித்துப் பாருங்கள். செலவில்லாத வேலை. பிடி குட்டை, அலகு கனம் என்பதெல்லாம் அட்டையிலேயே தெரிந்துவிடும்.

2. இடத்தைச் சரிசெய்யுங்கள்

மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: சத்தம், நெருப்பு, மின்சாரம்.

மொட்டை மாடியில் அடித்தால் கீழ்வீட்டுக்காரர் தலைமேல் அடிப்பதாகத்தான் இருக்கும். தரைத்தளத்தில், அடைகல்லுக்கு (இரும்பை வைத்து அடிக்கிற கனமான அடிக்கட்டை) கீழே மணல் நிரப்பிய டிரம் வைத்தால் சத்தம் குறையும். பக்கத்து வீடுகளில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மார்ச் மாதம் பிளஸ் டூ தேர்வு நடக்கும்போது சுத்தியைத் தொடாதீர்கள். இடமே இல்லையென்றால் மாதவரம், மணலி பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவரிடம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓர் ஓரம் கேட்டுப் பாருங்கள். வாடகை பேசி, நெருப்புக்கு யார் பொறுப்பு என்பதையும் பேசிவிடுங்கள்.

காஸ் உலை வைக்கிறவர்கள் வீட்டு சிலிண்டரில் குழாயைச் செருகிவிடுகிறார்கள். சிவப்பு நிற 14.2 கிலோ சிலிண்டர் சமையலுக்கு மட்டும். தொழிலுக்கு என்றால் நீல நிற 19 கிலோ. பிடிபட்டால் இணைப்பே போய்விடும். அதனால்தான் தொடங்குகிறவர்களுக்கு நான் மரக்கரி உலையைச் சொல்கிறேன்.

மின்சாரமும் இப்படித்தான். பொழுதுபோக்காக ஒரு கிரைண்டர் ஓட்டுவது வேறு, விற்பனைக்குச் செய்வது வேறு. தொழிலாகிவிட்டால் வீட்டு மீட்டரில் ஓட்டக்கூடாது. குடிசை, குறுந்தொழிலுக்குத் தனிக் கட்டண வகை இருக்கிறது. அதற்கு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

அடுப்பு நிழலில் இருக்க வேண்டும். வெயிலில் இரும்பின் நிறம் தெரியாது, ஆரஞ்சு கூட மங்கல் சிவப்பாகத்தான் தெரியும். முழுக்கத் திறந்த மாடியில் பட்டப்பகலில் தோய்ச்சல் போடுவதைப்போல் வீண் வேலை இல்லை. மேலே ஒரு தகரம் போட்டு, மாலை ஐந்தரைக்கு மேல் அடுப்பு மூட்டுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் அந்த நேரத்திலும் உடம்பு தாங்காது. தொடங்க நல்ல காலம் டிசம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி வரை.

3. இரும்பு: இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள்

கத்திக்குக் கார்பன் வேண்டும். கட்டுமானக் கம்பி, ஆங்கிள், தகடு என்று கடையில் கிடைக்கிற சாதா எம்எஸ் (மைல்ட் ஸ்டீல், கார்பன் குறைந்தது) இரும்பை எத்தனை முறை எண்ணெயில் முக்கினாலும் கூர் நிற்காது. உங்களுக்குப் பொருந்தும் வழி மூன்று.

முதலாவது, வண்டியின் கமான் பட்டை, அதாவது குலுக்கலைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டை. மூலக்கடை, மாதவரம் பக்கம் லாரி வேலை நடக்கும் இடங்களைச் சுற்றியுள்ள காயலான் கடைகளில் கிடைக்கும். கிலோ 60-இல் இருந்து 100 ரூபாய்க்குள் பேசலாம். லாரிப் பட்டை 10 மில்லிமீட்டருக்கு மேல் கனம். அதைத் தனி ஆளாக அடித்து மெல்லியதாக்க ஒரு முழு நாள் போய்விடும், தோளும் போய்விடும். மாருதி ஆம்னி, டாடா ஏஸ் மாதிரி சின்ன வண்டிகளின் பட்டையைக் கேளுங்கள். பெரும்பாலும் ஈஎன் 45 வகைக்கு நெருங்கிய ஸ்பிரிங் ஸ்டீலாக இருக்கும். கார்பன் 0.5-இல் இருந்து 0.6 சதவீதம். முரட்டு உழைப்புக்கு ஏற்றது. சவரக் கூர் எதிர்பார்க்காதீர்கள்.

பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். வாங்கி வந்ததும் துருவைத் தேய்த்து எடுத்து, மண்ணெண்ணெயில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸைத் தேயுங்கள். விரிசல் இருந்தால் அதில் புகுந்த மண்ணெண்ணெய் கோடாக மேலே கசியும். அந்தத் துண்டைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் தோய்ச்சலில் ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, பழைய அரம். நல்ல பிராண்டு அரத்தில் கார்பன் 1 சதவீதத்துக்கு மேல். சின்னக் கத்திக்கு அருமை. மலிவு அரங்களில் மேல்தோல் மட்டும்தான் கடினமாக இருக்கும். உடைத்துப் பார்த்தால் உள்ளே வேறு நிறமாகத் தெரியும். அரத்தின் பற்களை முழுக்கத் தேய்த்து எடுத்த பிறகே அடுப்பில் வையுங்கள். பற்கள் மடிந்து உள்ளே போனால் அங்கிருந்தே விரிசல் கிளம்பும்.

மூன்றாவது, கடையில் புதிய ஸ்டீல். பாரிமுனையில் செம்புதாஸ் தெரு, லிங்கி செட்டி தெருப் பக்கம் விசாரித்தால் வழி சொல்வார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டை வட்டாரத்தில் அலாய் ஸ்டீல் விற்பவர்கள் உண்டு. ஈஎன் 42, ஈஎன் 31 என்று கிரேடு சொல்லிக் கேளுங்கள், கூடவே டெஸ்ட் சர்ட்டிபிகேட் நகலும் கேளுங்கள். அதில் கார்பன், மாங்கனீஸ், குரோமியம் அளவு அச்சாகியிருக்கும். ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்று சொல்கிற கடையில் வாங்காதீர்கள். சில கடைகளில் முழு நீளம்தான் தருவார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். ஈஎன் 31-இல் கார்பன் ஏறத்தாழ 1 சதவீதம், குரோமியமும் உண்டு. கூர் பிரமாதமாக நிற்கும். ஆனால் சரியான சூட்டில் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க வேண்டும், கரி அடுப்பில் அது கஷ்டம். முதல் கத்திக்கு வேண்டாம்.

இனி இந்தப் பகுதிக்கே உரிய ஓர் எச்சரிக்கை. அடைகல்லுக்குத் தண்டவாளத் துண்டு நல்லது என்று எல்லாக் காணொளியிலும் சொல்வார்கள். ராயபுரம், கொருக்குப்பேட்டை சுற்று வட்டாரத்தில் யாராவது உங்களுக்கு மலிவாக ஒரு துண்டு காட்டினால் தொடாதீர்கள். ரயில்வே சொத்து எப்படி வந்தது என்று கணக்குக் காட்ட முடியாமல் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 5 ஆண்டு வரை சிறை உண்டு. அந்தத் துண்டு இல்லாமலேயே அடைகல் அமைக்கலாம், அடுத்துச் சொல்கிறேன். காயலான் கடையில் எது வாங்கினாலும் ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்கி, தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

துத்தநாகம் பூசிய பைப், தகடு எதையும் அடுப்பில் வைக்காதீர்கள். அந்தப் புகை காய்ச்சலில் படுக்கவைக்கும்.

4. கருவிகள், செலவு

பழைய லாரி பிரேக் டிரம்மில் பயர் க்ளே (சூடு தாங்கும் களிமண்) பூசி, கீழே ஓர் இரும்புக் குழாய், அதன் முனையில் ஒரு சின்ன புளோயர். உலை முடிந்தது. டிரம், குழாய், களிமண் எல்லாம் சேர்த்து 500 ரூபாய், புளோயர் 1,000. மரக்கரி கிலோ 40-இல் இருந்து 60. ஒரு கத்திக்கு 5 கிலோ வரை போகும். பெரிய கரித்துண்டை எலுமிச்சை அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள். தூளைச் சலித்துத் தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் பொறி பறக்கும்.

அடைகல்லுக்கு 4 கிலோ அல்லது 5 கிலோ சம்மட்டித் தலையை ஒரு கனமான மரக்கட்டையில் பாதி புதைத்து வைத்தால் போதும். இல்லையென்றால் காயலான் கடையில் தடித்த ஷாஃப்ட் துண்டு, 25 கிலோ எடையில் பார்த்து, நிமிர்த்தி நடுங்கள். மேல்மட்டம் நீங்கள் கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கினால் கைமுட்டி தொடும் உயரம்.

1 கிலோ சுத்தி, குறடு, 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர், ஃபிளாப் டிஸ்க், எமரி தாள், எண்ணெய், பிசின், மரம், கல், முகக்கவசம், கண்ணாடி எல்லாம் சேர்த்து, உலையோடு ஏறத்தாழ 9,000-இல் இருந்து 10,000 ரூபாய் ஆகும். பதம் பார்க்க (தோய்ச்சல் போட்ட கத்தி உடையாமல் இருக்க அதை மிதமான சூட்டில் வைப்பது) ஒரு சின்ன ஓடிஜி அவன் (கேக் சுடுகிற மின்னடுப்பு) புதிதாக வாங்கினால் இன்னும் 3,500. வீட்டு அவனில் செய்யலாம் என்று நினைக்காதீர்கள். எண்ணெய் நாற்றம் அதில் ஏறிவிட்டால் கேக் சாப்பிடுகிறவர்கள் உங்களை விடமாட்டார்கள்.

மிச்சம் பிடிக்கக் கூடாதது கிரைண்டரில். காப்புத் தகடு இல்லாத, சுவிட்சை விட்டாலும் நிற்காத மலிவு ரகம் வேண்டாம். இரும்பில் மரம் வெட்டும் பல் டிஸ்க்கைப் போடவே கூடாது.

5. முதலில் ஒரு பட்டறையில் நின்று பாருங்கள்

சுத்தி பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் அரை நாள் நின்றால் பத்துக் காணொளிக்குச் சமம். பழைய கொல்லர் பட்டறைகள் குறைந்துவிட்டன. கடப்பாரை முனை தட்டித் தருகிற, கட்டட வேலைக்கான உளி அடிக்கிற இடங்களைக் கேட்டுப் போங்கள். ‘மேஸ்திரி, ஒரு சமையல் கத்தி அடிக்கணும், பட்டை நானே கொண்டுவந்திருக்கேன், கூலி எவ்வளவு ஆகும்’ என்று தொடங்குங்கள். வேலையைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பதுதான் அங்கே மரியாதை. ‘சும்மா கத்துக்கணும்’ என்று போய் நின்றால் வேலை கெடும் என்று அனுப்பிவிடுவார்கள். கேட்காமல் போனை நீட்டிப் படம் எடுக்காதீர்கள். அடைகல்லில் உட்காராதீர்கள், செருப்புக் காலை வைக்காதீர்கள். பல பட்டறைகளில் அமாவாசை அன்று அடுப்பு மூட்டமாட்டார்கள், ஆயுத பூஜையை ஒட்டியும் இரண்டு மூன்று நாள் வேலை இருக்காது. அதைப் பார்த்துப் போங்கள்.

6. காய்ச்சி அடிப்பது

பட்டையில் 25 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். பிரகாசமான ஆரஞ்சு நிறம் வந்ததும் எடுத்து அடியுங்கள். மங்கல் சிவப்புக்கு இறங்கியதும் நிறுத்திவிட்டு மறுபடி அடுப்பில் வையுங்கள். ‘இன்னும் ரெண்டு தட்டு’ என்கிற ஆசையில்தான் விரிசல் விழுகிறது. அதே மாதிரி வெள்ளை நிறமாகிப் பொறி பறந்தால் கார்பன் எரிகிறது என்று அர்த்தம். அந்த முனையை வெட்டி எறிய வேண்டியதுதான்.

வரிசை இதுதான்: முதலில் முனை, அப்புறம் பிடிக்குள் போகும் காம்பு, கடைசியில் கூர்ப்பக்கச் சரிவு. கூர்ப்பக்கத்தை அடித்து மெலிய வைக்கும்போது அந்தப் பக்கம் நீண்டு, கத்தி முதுகுப் பக்கமாக வளையும். அதனால் சரிவு அடிப்பதற்கு முன்பே அலகைக் கூர்ப்பக்கமாகக் கொஞ்சம் வளைத்துவிடுங்கள். அடிக்க அடிக்கத் தானாக நிமிர்ந்துவரும். இரண்டு பக்கமும் சமமாக அடியுங்கள், ஒரே பக்கம் அடித்தால் முறுக்கிக்கொள்ளும். முதுகு 3 மில்லிமீட்டர், கூர்ப்பக்கம் 2 மில்லிமீட்டர் வரும்போது நிறுத்தலாம். மிச்சத்தை அரமும் கிரைண்டரும் பார்த்துக்கொள்ளும்.

அடித்து முடித்ததும் ஒரு தடவை சிவக்கக் காய்ச்சி, சாம்பல் நிரப்பிய வாளியில் முழுக்கப் புதைத்து இரவெல்லாம் விட்டுவிடுங்கள். மறுநாள் இரும்பு மெத்தென்று ஆகியிருக்கும். அப்போதே அரம் போட்டு வடிவத்தைச் சரிசெய்து, ஆணித் துளைகளைப் போட்டுவிடுங்கள். தோய்ச்சலுக்குப் பிறகு துளை போட முயன்றால் டிரில் பிட்தான் உடையும். கூர் விளிம்பை ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு விட்டுவையுங்கள். இப்போதே கூராக்கினால் எண்ணெயில் இறங்கும்போது அலையலையாக நெளியும்.

7. தோய்ச்சலும் பதமும்

அவசரப்படாமல் இதற்கென்றே ஒரு மாலையை ஒதுக்குங்கள்.

முதலில் அடித்த இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். அலகைச் சிவக்கக் காய்ச்சி, காற்றில் தொங்கவிட்டுக் கறுக்கும்வரை ஆறவிடுங்கள். இப்படி மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சூட்டைக் கொஞ்சம் குறைத்து. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், ஈரத் தரையில் வைக்காதீர்கள்.

எண்ணெய் 4 லிட்டர், உயரமான இரும்புப் பாத்திரத்தில், மூடியோடு. கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ போதும். மெக்கானிக் கடையில் இலவசமாகத் தருகிற பழைய என்ஜின் ஆயிலை வாங்காதீர்கள், அதன் புகை நல்லதல்ல. பிளாஸ்டிக் வாளி பக்கத்திலேயே வரக்கூடாது. ஒரு கம்பியைக் காய்ச்சி முக்கி, எண்ணெயை 50, 60 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். விரல் வைத்தால் சுள்ளென்று இழுத்துக்கொள்ளும் சூடு. குளிர்ந்த எண்ணெய் மெதுவாகத்தான் சூட்டை இழுக்கும். தண்ணீரில் முக்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அது கைத்தேர்ச்சி வேண்டிய வேலை, ஸ்பிரிங் ஸ்டீல் தண்ணீரில் எளிதாக வெடிக்கும். எண்ணெய் தீப்பிடித்தால் மூடியைப் போடுங்கள், மணலைக் கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது.

சூடு சரியா என்று பார்க்க ஒரு காந்தம் போதும். இரும்பு 770 டிகிரியில் காந்தத்தை விட்டுவிடும். காந்தம் ஒட்டாமல் போன பிறகு இன்னும் ஒரு படி சிவக்க விடுங்கள். கமான் பட்டைக்கு ஏறத்தாழ 850 டிகிரி வேண்டும். அலகு முழுவதும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். முனை மெல்லியதாக இருப்பதால் முந்திச் சூடேறும், அதைக் கரியின் ஓரமாகத் தள்ளிவையுங்கள். சமமாக வந்ததும் முனை கீழே பார்க்க நேராக இறக்குங்கள். மேலும் கீழும் அசைக்கலாம், பக்கவாட்டில் அசைத்தால் வளையும். பத்து விநாடி கழித்து எடுத்துப் பார்த்து, வளைவு இருந்தால் கையுறையோடு அந்தச் சூட்டிலேயே நிமிர்த்துங்கள். முழுக்க ஆறிய பிறகு நிமிர்த்தினால் ஒடியும்.

ஆறியதும் ஓர் அரத்தை விளிம்பில் ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் தோய்ச்சல் பிடித்துவிட்டது. கடித்து இழுத்தால் பிடிக்கவில்லை, மறுபடி காய்ச்ச வேண்டும்.

இந்த நிலையில் கத்தி கண்ணாடி. கீழே விழுந்தால் இரண்டு துண்டு. ஒரு மணி நேரத்துக்குள் பதம் பார்த்துவிட வேண்டும். ஓடிஜி அவனில் 200 டிகிரி, இரண்டு மணி நேரம். ஆறவிட்டு, மறுபடி இரண்டு மணி நேரம். அவனின் முள் காட்டுவதை நம்பாதீர்கள். உள்ளே ஒரு தட்டில் மணல் பரப்பி, அதில் தனி வெப்பமானி வைத்துப் பாருங்கள். கத்தியின் ஓரிடத்தை முன்பே பளிச்சென்று தேய்த்து வைத்தால், வைக்கோல் நிறம் வருவது தெரியும். பழுப்பு தாண்டி ஊதா, நீலம் வந்தால் சூடு மிஞ்சிவிட்டது. எலும்பு வெட்டுகிற கனமான கத்தி என்றால் பழுப்பு வரை போகலாம், காய்கறிக் கத்திக்கு வேண்டாம்.

அடுப்பில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் ஈஎன் 31 வாங்கியவர்களுக்கும் இன்னொரு வழி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஹீட் ட்ரீட்மென்ட் செய்கிற நிறுவனங்கள். எடைக்குத்தான் கட்டணம், ஆனால் குறைந்தபட்சத் தொகை ஒன்று வைத்திருப்பார்கள். ஒரு கத்திக்கும் பத்துக் கத்திக்கும் கிட்டத்தட்ட ஒரே காசு ஆகும் என்பதால் நண்பர்களோடு சேர்த்துக் கொடுங்கள். மூன்று நாளில் இருந்து ஒரு வாரம் ஆகும். கொடுக்கும்போது சீட்டில் எழுத வேண்டியவை: ஸ்டீல் கிரேடு, வேண்டிய கடினம் (எச்ஆர்சி என்கிற கடின அளவில் ஈஎன் 31-க்கு 58-இல் இருந்து 60, கமான் பட்டைக்கு 55, 56 போதும்), எத்தனை துண்டு, ‘தொங்கவிட்டுச் செய்யவும்’. அந்தக் கடைசி வரியை மறக்காதீர்கள். ஓர் இடத்தில் என் அலகுகளைப் படுக்கவைத்து அடுக்கி, வாழைக்காய் சிப்ஸ் மாதிரி வளைத்துக் கொடுத்தார்கள். கிரேடு தெரியாத காயலான் கடை இரும்பைப் பல இடங்களில் வாங்கமாட்டார்கள், டெஸ்ட் சர்ட்டிபிகேட் நகல் அங்கேதான் உதவும்.

8. தேய்ப்பும் கூரும்

இனிமேல் கத்தி சூடாகக் கூடாது. கிரைண்டரில் ஒரு இழுப்பு, தண்ணீரில் ஒரு முக்கு. விரல் பொறுக்காத சூடு வந்தால் நிறுத்துங்கள். விளிம்பில் நீலம் ஓடிவிட்டால் அங்கே பதம் போய்விட்டது, அந்த நீலம் மறையும்வரை தேய்த்து எடுக்க வேண்டும். எண்பதாம் நம்பர் ஃபிளாப் டிஸ்க்கில் சரிவைக் கொண்டுவந்து, விளிம்பு அரை மில்லிமீட்டருக்கு வந்ததும் கைக்கு மாறுங்கள். கத்தியை எப்போதும் கிளாம்ப்பில் இறுக்கி வைத்துத் தேயுங்கள், ஒரு கையில் கத்தி ஒரு கையில் கிரைண்டர் என்று நிற்காதீர்கள். என்95 முகக்கவசம் இல்லாமல் தொடங்கவே வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலை விட்டு வெளியே வராது.

எமரி தாள் 120, 220, 400 என்று ஏறுங்கள். ஒவ்வொன்றையும் முந்தையதற்குக் குறுக்காகத் தேய்த்து, பழைய கீறல் முழுக்க மறைந்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும், குறுக்கு வழி கிடையாது. பஃபிங் சக்கரத்தில் கொடுத்தால் கண்ணாடியாகிவிடும் என்பார்கள். அந்தச் சக்கரம் கத்தியைப் பிடுங்கி எறிவதுபோல் வேறு எந்த இயந்திரமும் எறியாது. 400-இல் வருகிற மங்கல் பளபளப்பே சமையல் கத்திக்கு அழகு.

கூர் பிடிப்பது பிடி போட்ட பிறகு. தெருவில் வருகிற சாணைக்காரரிடம் புதுக் கத்தியைக் கொடுக்காதீர்கள். உலர்ந்த சக்கரம், ஒரு நொடியில் விளிம்பு வெந்துவிடும். 400, 1000 இரண்டு பக்கமும் உள்ள தண்ணீர்க் கல் 800 ரூபாய்க்குக் கிடைக்கும். பக்கத்துக்கு 15 டிகிரி. அலகு 4 சென்டிமீட்டர் அகலம் என்றால் முதுகைக் கல்லில் இருந்து 1 சென்டிமீட்டர் தூக்கிப் பிடித்தால் அந்தக் கோணம் வந்துவிடும். மறுபக்கத்தில் பிசிறு தட்டுப்படும்வரை ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம். மீன் வெட்டுகிறவருக்கு என்றால் 20 டிகிரி வையுங்கள், முள்ளில் பட்டு விளிம்பு உதிராது.

9. பிடி

வால்டாக்ஸ் சாலை மரக்கடைகளில் கழிவுத் துண்டுகள் கேளுங்கள். தேக்கு, பூவரசு, கருவேலம் எதுவும் சரி. ஈட்டி மரம் ஆசையாக இருக்கும், ஆனால் ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். வாங்கிய மரத்தை வீட்டில் சில வாரம் காய விடுங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் வாங்கி உடனே ஒட்டினால் ஜனவரியில் சுருங்கி, இரும்புக்கும் மரத்துக்கும் இடையில் கோடு விழும்.

ஒட்டும் இரண்டு பரப்பையும் 60-ஆம் நம்பர் தாளில் சொரசொரப்பாக்கி, தின்னரில் துடையுங்கள். தேக்கில் எண்ணெய்த்தன்மை உண்டு, அதைத் துடைக்காவிட்டால் பிசின் பிடிக்காது. அரால்டைட் வாங்கும்போது ஐந்து நிமிடத்தில் இறுகுகிற வகையைத் தவிர்த்து, மெதுவாக இறுகும் சாதா வகையை வாங்குங்கள். தண்ணீர் படுகிற இடத்தில் அதுதான் நிற்கும். கிளாம்ப்பை அளவோடு இறுக்குங்கள், பிசின் முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிட்டால் உள்ளே எதுவும் இருக்காது. 24 மணி நேரம் தொடாதீர்கள். 5 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பிதான் ஆணி. இரண்டு முனையையும் மெதுவாகத் தட்டி விரித்தால் போதும், ஓங்கி அடித்தால் மரம் பிளக்கும்.

மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய், மூன்று நான்கு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், அது தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப்போட்டு அப்புறம் எறியுங்கள். காசிமேட்டில் மீன் வெட்டுகிறவருக்கு என்றால் வார்னிஷ் பளபளப்பே வேண்டாம், ஈரக்கையில் வழுக்கும்.

10. துரு

கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கார்பன் ஸ்டீலை ஈரத்தோடு இரவு விட்டால் காலையில் செம்மண் நிறம். பிடி போடுவதற்கு முன் அலகைச் சோப்பு போட்டுக் கழுவி, சூடான வினிகரில் கால் மணி நேரம் முக்கி எடுத்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசுங்கள். சாம்பல் நிறப் படலம் வரும், அது துருவைத் தள்ளிப்போடும். பயன்படுத்தியதும் கழுவி, துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். பெரியமேட்டில் தோல் வாங்கி உறை தைப்பதாக இருந்தால் குரோம் பதனிட்டது வேண்டாம், மரப்பட்டையில் பதனிட்டதைக் கேளுங்கள். உறை எடுத்துப் போகத்தான், கத்தியை அதிலேயே வைத்துச் சேமிக்காதீர்கள்.

11. வெளியே எடுத்துப் போவதும் விற்பதும்

செய்த கத்தியைக் காட்டப் போகிறீர்களா? அட்டையில் சுற்றி, கயிறு கட்டி, பையின் அடியில் வையுங்கள். பகலில் போங்கள். இடுப்பில், வண்டி சீட்டுக்கு அடியில் வெறுமனே வைக்காதீர்கள். விம்கோ நகர் வரை மெட்ரோ வசதிதான், ஆனால் பையை ஸ்கேன் செய்வார்கள், கத்தியோடு அதில் ஏறாதீர்கள்.

விற்பதாக இருந்தால் முதலில் ஒரு பதிவேடு போடுங்கள். 2021 செப்டம்பரில் ரவுடிகளுக்கு எதிரான சோதனையின்போது, கத்தி, அரிவாள் செய்கிற பட்டறைகளும் கடைகளும் வாங்குகிறவரின் பெயர், முகவரி, செல்பேசி எண்ணைக் குறித்துவைக்க வேண்டும், கேமரா பொருத்த வேண்டும் என்று தமிழகக் காவல்துறை அறிவுறுத்தியது. தேதி, பெயர், முகவரி, எண், எந்தக் கத்தி, எதற்கு என்று ஒரு நீள நோட்டில் எழுதுங்கள். அடையாள அட்டை காட்டத் தயங்குகிறவருக்கும் பதினெட்டு வயது ஆகாதவருக்கும் விற்காதீர்கள். ‘அண்ணா, கொஞ்சம் நீளமா, முனையில கூரா’ என்று கேட்டு வருகிறவரிடம் சமையல் கத்தி மட்டும்தான் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரை மணி நேரத்தில் இணையத்தில் முடிந்துவிடும். கட்டணம் கிடையாது. தேடினால் முதலில் வருகிற பல தளங்கள் அரசுத் தளம் மாதிரியே இருந்துகொண்டு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும். முகவரி அரசின் டொமைனில் முடிகிறதா என்று பாருங்கள். மாநகராட்சித் தொழில் உரிமத்துக்கு வாடகை ஒப்பந்தமோ சொத்துவரி ரசீதோ கேட்பார்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் இதை முன்பே பேசிவிடுங்கள், பலர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

ஜிஎஸ்டி, மாநிலத்துக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு வரவு 40 லட்சம் தாண்டினால்தான் கட்டாயம். வெளிமாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கினால் அந்தக் கணக்கு மாறும், அதற்கு முன் ஓர் ஆடிட்டரைப் பாருங்கள். கத்திக்கான வரி 2022 ஜூலையில் 12 சதவீதத்தில் இருந்து 18 ஆக உயர்ந்தது. விலை சொல்லும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

கூரியரில் அனுப்பும்போது ‘சமையல் கத்தி’ என்று பில்லிலும் பெட்டியிலும் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் ஸ்கேனில் மாட்டித் திரும்பி வரும், பணமும் போகும். சில கிளைகளில் எடுக்கவே மாட்டார்கள், பெட்டியை ஒட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். முனையில் ஒரு கார்க் துண்டைச் செருகி, அலகை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து டேப் சுற்றி, அப்புறம் பெட்டியில் போடுங்கள்.